மலைமேல் வாசிக்க ஒரு கீபோர்டு: மேடைக்கும் வீட்டுப் பதிவுக்கும்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வாசிக்கிறவர்கள் நல்ல கீபோர்டு வாங்கப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டியிருக்கிறது. கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பியானோ டோனில் நாலு கார்டு (சேர்த்து அழுத்தும் ஸ்வரங்கள்) வாசித்துப் பார்த்து, காதுக்கு எது இனிக்கிறதோ அதை வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஹெட்போனில் இனிப்பது வேறு. ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், திருவிழா மேடையில், பனிமூட்டத்துக்கு நடுவே, ஜெனரேட்டர் கரண்டில் நின்று பேசுவது வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் ஒரே கருவி என்றால் மேடையை மனதில் வைத்து வாங்குங்கள். வீட்டில் டோன் போதவில்லை என்றால் கம்ப்யூட்டரில் மென்பொருள் டோன்கள் எத்தனையோ இருக்கின்றன. தப்பு வந்தால் மறுபடி வாசிக்கலாம். மேடையில் கைக்கு எட்டும் பட்டன், தோளில் சுமந்த எடை, அன்றைக்கு வரும் கரண்ட், இவ்வளவுதான் துணை. வீட்டுக்காகச் சில விஷயங்களை மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

கடையில் கீபோர்டு என்ற ஒரே பெயரில் மூன்று வகைக் கருவிகள் நிற்கும். இடது கையில் கார்டைப் பிடித்தால் தாளத்தையும் பேஸையும் தானே சேர்த்து வாசிப்பது அரேஞ்சர். டோனை உருவாக்கி, அடுக்கி, பிரித்து வாசிக்கச் செய்தது சிந்தசைசர். அதோடு உள்ளேயே பல தடங்களில் பதிவும் செய்யக்கூடியது வொர்க்ஸ்டேஷன். 1988-ல் வந்த கோர்க் எம்1 அந்த வகையை உலகமெங்கும் பரப்பியது. டிரம்ஸும் பேஸ் கிடாரும் இருக்கிற குழுவுக்கு அரேஞ்சர் தேவையில்லை. தானே வாசிக்கும் அந்தத் தாளங்களுக்கு (ஸ்டைல்) கொடுக்கும் பணத்தில் நல்ல சிந்தசைசரே வந்துவிடும். இரண்டு பாடகர்கள், ஒரு கீபோர்டு, ஒரு டிரம் பேட் என்று போகிற சிறு குழுவுக்கும், டிசம்பரில் வீடு வீடாகக் கேரல் போகிறவர்களுக்கும் அரேஞ்சர்தான் பொருத்தம். யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 இந்தியாவுக்கென்றே வந்த அரேஞ்சர். ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 இந்திய டோன்களோடு வந்த சிந்தசைசர். நாதஸ்வரம், சிதார், தபலா எல்லாம் தேடாமல் கிடைப்பது இவற்றின் பலம். சர்ச்சில் பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் மட்டும் வாசிக்கிறவர் இதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம்.

எடையைப் பலர் கடைசியில் பார்க்கிறார்கள். மலையில் அதுதான் முதலில் வர வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வர 14 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. வண்டி நின்ற பிறகும் மேடை வரை படிக்கட்டும் ஒற்றையடிப் பாதையும் இருக்கும். கோர்க் க்ராஸ் 2-ன் 61 கட்டை மாடல் 3.8 கிலோ. ரோலண்ட் ஜூனோ டிஎஸ்-61 5.3 கிலோ. யமஹா மோடெக்ஸ்-6 6.6 கிலோ, அதே கருவியின் 88 கட்டை மாடலான மோடெக்ஸ்-8 13.8 கிலோ. கெட்டியான பெட்டியையும் சேர்த்தால் 88 கட்டையை ஒரு ஆள் தூக்க முடியாது. பியானோவையே நம்பி வாசிக்கிறவருக்குத்தான் அது தேவை. மற்றவர்களுக்கு 61 போதும். இரண்டு கைக்கும் இடம் வேண்டுமென்றால் 73 அல்லது 76.

வண்டியில் வைக்கும்போது கட்டைகள் மேல் நோக்கியபடி படுக்க வையுங்கள். அடியில் இரண்டு அங்குல ஃபோம், மேலே எதுவும் கூடாது. குறுகிய பக்கத்தை ஊன்றிச் செங்குத்தாக நிறுத்தினால் முழு எடையும் ஓரத்து பிளாஸ்டிக்கில் இறங்கும். நாலு வளைவில் விரிசல் விட்டுவிடும். பஸ்ஸில் போனால் பின் சீட்டில் குலுக்கல் அதிகம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இடம் பிடியுங்கள்.

இனி கடையில் கையை வைத்துப் பார்க்க வேண்டியவை. ஒரு டோனை சஸ்டெய்ன் பெடலோடு (ஸ்வரத்தை நீட்டிக்கும் கால் பெடல்) பிடித்துக்கொண்டே அடுத்த டோனுக்கு மாற்றுங்கள். முதல் டோனின் வால் வெட்டுப்படாமல் கரைந்தால் நல்லது. சட்டென்று நின்றால் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகும் இடத்தில் எல்லார் காதிலும் விழும். பிறகு ஸ்பிளிட் (இடது, வலது கைக்குத் தனித்தனி டோன்), லேயர் (ஒரே கட்டையில் இரண்டு டோன்) போட்ட அமைப்பைச் சேமித்து, அதைத் திரும்ப எடுக்க எத்தனை பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். ஒரே அழுத்தத்தில் வர வேண்டும். மூன்று திரை தாண்டித்தான் வருமென்றால் வீட்டுக்குச் சரி, கச்சேரிக்குச் சரியில்லை. அடுத்து, சுவிட்சை அணைத்துப் போட்டு, வாசிக்கத் தயாராக எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். கரண்ட் ஒரு நொடி கண் சிமிட்டினாலும் அத்தனை நேரம் மேடையில் அமைதி.

பாலிஃபனி என்பது கருவி ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கை. அதன் கணக்கு இது. ஸ்டீரியோ பியானோ ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு குரல் எடுக்கும். மேலே ஸ்டீரியோ ஸ்ட்ரிங்ஸ் அடுக்கினால் இன்னும் இரண்டு. ஆக 64 பாலிஃபனி உள்ள கருவியில் ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள்தான். பெடலை மிதித்துக்கொண்டு இரண்டு கையிலும் வாசித்தால் 16 என்பது நொடியில் தீர்ந்துபோகும். முதலில் அடித்த ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். 128 இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

ஸ்வரத்தை வளைக்கும் பெண்ட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பாட்டில் புல்லாங்குழலும் நாதஸ்வரமும் வீணையும் பெண்டில்தான் உயிர் பெறுகின்றன. யமஹாவில் பெண்டுக்கும் மாடுலேஷனுக்கும் (ஸ்வரத்தை அதிரவைப்பது) தனித்தனிச் சக்கரம். ரோலண்டில் இடம் வலமாகப் போகும் ஒரே லீவர், முன்னே தள்ளினால் மாடுலேஷன். கோர்க்கின் பல மாடல்களில் ஜாய்ஸ்டிக். எது உயர்வு என்றில்லை, எது உங்கள் இடது கைக்குப் பழகியது என்பதுதான் கேள்வி. பெண்ட் அளவு பொதுவாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்றே வரும், அப்படியே விடுங்கள். சக்கரம் முட்டும் இடம் சரியாக ஒரு முழுச்சுரம் என்பதால் கமகம் போய் நிற்கும் இடம் கைக்குத் தெரியும். 12 அரைச்சுரம் வைத்தால் மயிரிழை அசைந்தாலும் ஸ்ருதி பிசகும். லீட் டோனை மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) வைத்து லெகாட்டோவையும் (ஸ்வரங்களை இழைத்து வாசிப்பது) போடுங்கள்; இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஊதல் புதிதாகத் தொடங்கி இழைவு போய்விடும். ஸ்பிளிட்டில் இடது கை கார்டு பிடித்திருந்தால் அந்தப் பகுதி பெண்டை ஏற்காதபடி அணைத்து வையுங்கள். இதை மறந்தால் குழல் வளையும்போது பின்னணி முழுவதும் சேர்ந்து வளையும்.

பாடகரின் ஸ்ருதி நாலரைக் கட்டை என்றால் எஃப் ஷார்ப். ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். ஸ்ருதியைக் கட்டை கட்டையாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனும், இப்போது எவ்வளவு மாற்றியிருக்கிறது என்ற எண்ணும் திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும். பாட்டு முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர மறப்பதுதான் மேடையில் அதிகம் நடக்கும் தப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் டிரான்ஸ்போஸையும் சேர்த்தே சேமிக்கிற கருவி இருந்தால் அதற்கே முன்னுரிமை கொடுங்கள்.

ஊட்டியில் இரவு மேடை என்றால் ஸ்ருதியை நுணுக்கமாக ஏற்றி இறக்கும் மாஸ்டர் டியூனும் எளிதில் எட்ட வேண்டும். உயரத்தால் ஸ்ருதி மாறாது, குளிரால் மாறும். காற்றின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் குழலுக்குள் ஓடும் ஒலியின் வேகமும் குறைந்து ஸ்ருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஊதும் மூச்சின் சூட்டால் முழு அளவும் இறங்காவிட்டாலும், ஜனவரி இரவில் புல்லாங்குழலும் நாதஸ்வரமும் முதல் இரண்டு பாட்டுக்குத் தாழ்ந்தே நிற்கும். கீபோர்டு அசையாது. 440-ஐ 437 ஹெர்ட்ஸாக்கினால் சுமார் 12 சென்ட் இறங்கும். குழல் சூடானதும் மறக்காமல் திருப்பிவிடுங்கள். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் கொள் போன்ற இந்த மலைக்கே உரிய ஊதுகருவிகளின் ஸ்ருதி கீபோர்டின் பன்னிரண்டு கட்டைக்குள் அடங்காது. அவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது நாம்தான் டியூனை நகர்த்தி அவர்கள் பக்கம் போக வேண்டும். அந்த ஒலியை சாம்பிள் எடுக்க விரும்பினால் முதலில் வாசிக்கிறவரிடம் கேளுங்கள். அது சடங்கோடு பிறந்த இசை.

கரண்ட்

தென்மேற்குப் பருவமழையில் காற்றடித்து மரம் விழுந்தால் லைன் போய்விடும். திருவிழா மேடைக்கு எப்படியும் ஜெனரேட்டர்தான். லைட் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும்போது வோல்டேஜ் இறங்கி ஏறும். கீபோர்டு தானே அணைந்து தானே வரும். பேட்டரியில் ஓடும் மாடல் என்றால் இந்தத் தொல்லையே இல்லை: ஜூனோ டிஎஸ்-61-க்கு எட்டு டபுள் ஏ, க்ராஸ் 2-க்கு ஆறு. சாதாரண ஆல்கலைன் செல் குளிரில் சீக்கிரம் களைத்துவிடும். சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் குளிரைத் தாங்கும். ஒரே சமயம் வாங்கிய செட்டாக வைத்துக்கொள்ளுங்கள், பழசையும் புதுசையும் கலக்க வேண்டாம்.

பேட்டரி வசதி இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். இந்த வகைக் கீபோர்டுகள் பெரும்பாலும் 10 முதல் 25 வாட் வரைதான் இழுக்கும், அதனால் நிதானமாகவே ஓடும். ஆனால் சில யுபிஎஸ்கள் ஜெனரேட்டர் கரண்டை ஏற்காமல் பேட்டரிக்கே தாவித் தாவிக் கடைசியில் காலியாகும். சவுண்ட் செக்கிலேயே பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். லைட்டுக்குப் போகும் போர்டில் கீபோர்டைச் சொருகாதீர்கள். மைக்செட்காரரின் மிக்சர் எந்தப் போர்டிலிருந்து கரண்ட் எடுக்கிறதோ அதிலிருந்தே எடுத்தால் உறுமல் பாதியாகக் குறையும்.

அடாப்டர் போனால் கிடைத்ததைச் சொருகுவது ஆபத்து. யமஹாவின் 12 வோல்ட் அடாப்டர்களில் நடு முனை பாசிட்டிவ். ரோலண்டின் பல 9 வோல்ட் அடாப்டர்களில் நடு முனை நெகட்டிவ். முனை அளவு பொருந்தினாலும் துருவம் மாறினால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு எரியலாம். கருவியின் பின்பக்கம் அச்சிட்ட படத்தைப் பாருங்கள். பெடலிலும் இப்படித்தான், ஒவ்வொரு கம்பெனிக்கும் துருவம் வேறு. கீபோர்டை ஆன் செய்யும்போது பெடலில் கால் வைத்திருந்தால் அது தலைகீழாகப் பதிந்துகொள்ளும், காலை எடுத்தால் ஸ்வரம் நீளும். அணைத்துவிட்டுக் காலை எடுத்துப் போட்டால் சரியாகும்.

மைக்செட்காரருக்கு லைன் கொடுப்பது

பல மேடைகளில் கீபோர்டுக்கு ஒரு சேனல்தான் கிடைக்கும். அப்போது எல் மோனோ என்று எழுதிய ஜாக்கில் மட்டும் கேபிளைச் சொருகுங்கள். கருவியே இரண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்பும். இரண்டு ஜாக்கிலும் கேபிளைச் சொருகிவிட்டு ஒன்றை மட்டும் மிக்சருக்குக் கொடுத்தால் வலப்பக்க ஒலி முழுவதும் போய்விடும். மோனோவில் சில ஸ்டீரியோ பியானோக்கள் மெலிந்து, டப்பாவில் அடித்த மாதிரி கேட்கும். இரண்டு பக்கத்து ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதுதான் காரணம். கடையில் ஹெட்போனை மட்டும் நம்பாமல் எல் ஜாக்கிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்துக் கேளுங்கள். மோனோவிலும் நிற்கிற பியானோதான் உங்களுக்கு வேண்டியது.

கால் அங்குல ஜாக் கேபிள் ஆறு மீட்டரைத் தாண்டினால் இரைச்சலை இழுக்கத் தொடங்கும். மிக்சர் மைதானத்துக்குக் கடைசியில் இருந்தால் மேடையில் ஒரு டிஐ பாக்ஸ் (நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி ஒலியை மாற்றித் தரும் சிறு பெட்டி) வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பாசிவ் டிஐ போதும், அதற்குக் கரண்டும் வேண்டாம். உம்மென்று உறுமினால் அந்தப் பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அடாப்டரின் எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்தும் பழக்கம் சில இடத்தில் உண்டு. ஈர மேடையில் அது உயிரோடு விளையாடுவது. செய்யவே கூடாது.

கீபோர்டின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து மிக்சரில் கெயினைக் குறையுங்கள். இங்கே கால் அளவு வைத்து அங்கே ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். டோன்களின் அளவைச் சமப்படுத்துவதை வீட்டில் ஹெட்போனில் செய்யாமல் ஸ்பீக்கரில், மேடைச் சத்தத்தில் செய்யுங்கள். பேஸ் கிடார் இருந்தால் பியானோவில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். பழைய கல் கட்டிடச் சர்ச்சுகளில் கட்டிடமே எதிரொலிக்கும், ஆகவே டோனில் உள்ள ரிவெர்பைப் பாதிக்கும் கீழே இறக்குங்கள்.

வீட்டுப் பதிவு

முதலாவது, யுஎஸ்பி வழியாக மிடி (எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள் என்ற தகவல்) மட்டும் போகிறதா, ஒலியும் போகிறதா என்று கேளுங்கள். மோடெக்ஸில் ஒலியும் போகும். அதற்குத் தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) தேவைப்படாது. ஒலி போகாத கருவி என்றால் இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டும். கீபோர்டு ஸ்டீரியோவுக்கே இரண்டு இன்புட் போய்விடும் என்பதால், பாடகரையும் சேர்த்து ஒரே நேரத்தில் பதிவு செய்ய நாலு இன்புட் உள்ளதைப் பாருங்கள். இன்ஸ்ட்ருமென்ட் என்ற சுவிட்சை அணைத்து லைனில் வையுங்கள், அது கிடாருக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நின்றால் போதும்.

மென்பொருள் டோனை வாசிக்கும்போது தாமதம் தெரிந்தால் பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லி விநாடி, 256 என்றால் 5.8, 512 என்றால் 11.6. அதற்கு மேல் டிரைவர் மென்பொருளின் தாமதமும் சேரும். 512-ல் கை ஓரிடம், காது ஓரிடம். வாசிக்கும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 512 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்கிறதா? கட்டை உள்ளே ஒருமுறை ஒலித்து, கம்ப்யூட்டருக்குப் போன மிடி திரும்பி வந்து இன்னொருமுறை ஒலிக்கிறது. பாலிஃபனியும் பாதியாகும். கட்டையைக் கருவியின் உள் ஒலியோடு இணைக்கும் லோக்கல் கண்ட்ரோலை ஆஃப் செய்தால் தீரும். மேடைக்குப் போகும் முன் ஆன் செய்யாவிட்டால் கட்டையை அழுத்தினால் சத்தமே வராது. கருவி கெட்டுவிட்டதென்று பதறாதீர்கள். லாப்டாப் சார்ஜரைச் சொருகியதும் கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் அது எர்த் சுற்று, மேலே சொன்ன டிஐ பாக்ஸே அதற்கும் மருந்து.

பதிவு செய்யும்போது ஒலியையும் மிடியையும் சேர்த்தே எடுங்கள். பிறகு டோன் பிடிக்கவில்லை என்றால் மிடியை வைத்து வேறு டோன் போடலாம். தகரக் கூரை வீட்டில் ஜூன், ஜூலையில் குரலைப் பதிவு செய்ய முடியாது. லைனில் வரும் கீபோர்டுக்கு மழைச் சத்தம் ஏறாது. மழை மாதங்களில் கீபோர்டுத் தடங்களை முடித்து, குரலை வெயில் நாளுக்கு வைத்துக்கொள்வதே இங்கே தோதானது.

ஈரம்

கட்டைக்கு அடியில் கரி பூசிய இரண்டு ரப்பர் புள்ளிகள் இருக்கின்றன. முதல் புள்ளி தொடுவதற்கும் இரண்டாவது தொடுவதற்கும் இடையே உள்ள நேரத்தை அளந்துதான், நீங்கள் மெதுவாக அழுத்தினீர்களா வேகமாக அழுத்தினீர்களா என்று கருவி கண்டுபிடிக்கிறது. ஈரமும் தூசியும் படிந்து ஒரு புள்ளி சரியாகத் தொடாமல் போனால் அந்தக் கட்டை ஊமையாகும், அல்லது எப்படித் தொட்டாலும் முழுச் சத்தத்தில் அலறும். மலையில் கீபோர்டுகள் பழுதாவது பெரும்பாலும் இப்படித்தான். கழற்றத் தெரிந்தவர் ரப்பர் பட்டையை எடுத்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து, ரப்பரையும் போர்டையும் லேசாகத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டலாம். அழுத்தித் தேய்த்தால் கரிப்பூச்சு போய்விடும். மண்ணெண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே இரண்டும் ரப்பரைக் கெடுக்கும்.

குளிர்ந்த வண்டியிலிருந்து ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுபோனதும் பையைத் திறக்காதீர்கள். சூடான ஈரக்காற்று குளிர்ந்த போர்டில் பட்டதும் மூக்குக்கண்ணாடியில் படிவது போலத் தண்ணீர் படியும். பையை மூடியபடியே முக்கால் மணி நேரம் வைத்து, பிறகு திறந்து, அதற்கும் பிறகுதான் சுவிட்ச். திறந்தவெளியில் பனி இறங்கினால் பாட்டுக்கு நடுவே கட்டைகளின் மேல் பருத்தித் துண்டைப் போட்டு வையுங்கள்.

வீட்டில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும். பருத்தித் துணி போதும். பையில் வைத்தால் 250 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறுவதை வாங்குங்கள். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. நிறம் மாறியதும் சமையலுக்குப் பயன்படாத தட்டில் பரப்பி ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் மறுபடி உழைக்கும். மலிவான ஈரமானி வேண்டாம், கொஞ்சம் விலை கொடுத்து நம்பகமான ஒன்றை அறையில் மாட்டுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜன்னலைச் சாத்துங்கள்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஐந்து முறை, பலமாக ஐந்து முறை அழுத்திப் பாருங்கள். ஃபேடரை மேலும் கீழும் ஓட்டும்போது கரகரத்தால் பரவாயில்லை, காண்டாக்ட் கிளீனரில் சரியாகும். பின்பக்க ஜாக்கை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வந்தால் சால்டர் விட்டிருக்கிறது, விலையைக் குறையுங்கள். பழைய மாடல்களில் நினைவகத்துக்கு சிஆர்2032 செல் இருக்கும், அது தீர்ந்தால் சேமித்த டோன்கள் எல்லாம் போகும்; மாற்றும் முன் பேக்கப் எடுங்கள். ஃப்ளாப்பியில் மட்டும் சேமிக்கிற கருவி என்றால் யோசியுங்கள். கடைசியாகக் கருவியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைப் பாருங்கள். அவற்றில் துருவோ, ஜாக்குகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ இருந்தால் உள்ளே போர்டும் அதே நிலையில்தான் இருக்கும். விற்கிறவர் விலையை எவ்வளவு குறைத்தாலும் அதை எடுக்காதீர்கள்.